காஜா பேராங்கின் கங்குங் குழி

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருபத்து நான்கு மைல். ஜப்பானியர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கரிப்புகையில் ஓடும் லாரிதான். அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டில் ஆறு வெள்ளி கொடுத்தேன். ஐந்து மேடுகளில் இறங்கித் தள்ளினோம். "பெரியவரே, நீங்க தள்ளித்தான் வண்டி போவுதாக்கும்? சும்மா நடந்து வாங்க" என்றார் ஓட்டுநர். வழியில் காவல் சாவடிகள் மூன்று, மூன்றிலும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினேன்.

மாலை ஐந்துக்கு மலாக்காவின் காஜா பேராங் சேர்ந்தேன். மகள் கமலம் இருக்கும் வரிசையில் எட்டு வீடுகள். சண்டைக்கு முன்பு கழிப்பறை வாளிகளை எடுக்க வண்டி வரும். அது நின்றபின் எட்டு வீட்டுக் கழிவும் ஓடை வழியே ஆற்றில் கலந்தது. கீழே குளித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு. மருமகன் ராகவன் முன்பு சாக்கடை மேஸ்திரி. அவர் பின்புறம் இரண்டு குழிகள் வெட்டியிருந்தார். முதல் குழியில் கசடு தங்குகிறது. இரண்டாவதில் நட்ட, நீரில் வளரும் கங்குங் கீரையின் வேர்களுக்குள் புகுந்து தெளிந்த நீர்தான் ஓடைக்குப் போகிறது. குனிந்து முகர்ந்தேன், நாற்றம் குறைவுதான். ஆனால் ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்னும் காலத்தில் அந்தக் கீரை அநியாயத்துக்குச் செழித்திருந்தது. யார் கண்ணில் படுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்குச் சாக்குப்பையுடன் இரண்டு ஜப்பானியச் சிப்பாய்கள் வந்தார்கள். கீரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேசாமல் கொடுத்து அவர்கள் நோயில் விழுந்தால், எட்டு வீட்டு ஆண்களையும் கொண்டுபோவார்கள். தடுத்தால், உணவைப் பதுக்குகிறோம் என்பார்கள். ராகவன் கைகட்டி நின்றார். "அப்பா, நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று முணுமுணுத்தாள் கமலம்.

பக்கத்து வீட்டு மீனாட்சி, பல தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டி வம்சம். பெயர் தமிழ், பேச்சு மலாய். அவள்தான் மலாயில் சொன்னாள்: "திங்காதீங்க துரை. கக்கூஸ் தண்ணியில வளந்தது."

சிப்பாய் நம்பவில்லை. ஒரு பிடி பறித்து என் வாயருகே நீட்டி, "மாக்கான்" என்றான், தின்னச் சொல்லி. தின்றால் அது நல்ல கீரை என்றாகிவிடும். உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவன் கன்னத்தில் விட்ட முதல் அறையில் மூக்குக்கண்ணாடி விழுந்தது. இரண்டாவதில் காது அடைத்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். குழிக்கு வரும் வாய்க்காலைக் கண்ணால் தொடர்ந்து கழிப்பறைகளைப் பார்த்தான். பிறகு தன் கையை முகர்ந்தான். மற்றவன் சிரித்துவிட்டான். ராகவன் தண்ணீர் ஊற்ற, கை கழுவிக்கொண்டு போனார்கள்.

"குழிய மூடிடலாம் மாமா" என்றார் ராகவன். "ஆத்துக்குப் போனா போவட்டும். நாளைக்கு வேற ஆளு வருவான்."

"எட்டு வீட்டுக் கழிசலயும் என் தம்பி மீனோட சேத்துப் பிடிக்கணுமா?" என்று மீனாட்சி மலாயில் கேட்டாள். அவள் தம்பி கீழே வலை போடுகிறவன்.

"மூட வேண்டாம், யாரும் திங்காத செடியா நடுங்க" என்றேன். அன்றே கங்குங்கை வேரோடு பிடுங்கிப் புதைத்தோம். சதுப்பிலிருந்து நாற்பத்திரண்டு கட்டுக் கோரை வந்தது. மூன்று நாள் நட்டோம்.

நான் புறப்பட்ட காலையில் அதே சிப்பாய்கள் வந்தார்கள். எல்லோரும் குனிந்தோம். ஒருவன் கோரையைப் பார்த்தான், மூக்கைச் சுளித்தான், நடந்தான். ராகவன் வெகுநேரம் நிமிரவில்லை.

தம்பினில் எங்கள் வீட்டுச் சாக்கடை நேரே ஓடையில் விழுகிறது. அதற்குக் கீழே எத்தனை குடும்பங்கள் தண்ணீர் மொள்கின்றன என்பதை மட்டும் நான் இதுவரை எண்ணியதில்லை.