இன்ட்டு போட வேண்டிய பெயர்

கவரைப்பேட்டையில் என் தங்கை எஸ்தர் தன் வீட்டு முன்னறையில் மாலை டியூஷன் எடுக்கிறாள். விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து வந்து இறங்கிய அன்றே அந்த அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மிஸ், இவன் கிள்றான் மிஸ்!" உடனே இன்னொரு குரல்: "அவன்தான் மிஸ் மொதல்ல என் பென்சில எடுத்துகினான்!" என் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த என் மகள் ஜெனி கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டாள். கெட்ட வார்த்தை காதில் விழுந்தது போல இருந்தது அவள் முகம். "அம்மா, டீச்சர் கிட்ட சொல்லிக் குடுக்கறாங்களே, அவங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று மெல்லக் கேட்டாள். நாங்கள் ஊரைவிட்டுப் போகும் வரை இங்கே பள்ளியில் வகுப்பு லீடராக இருந்தவள் கேட்கிற கேள்வி இது. அவளை இப்படி மாற்றியவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரைப் போட்டு உடைப்பதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

லீடர் என்றால் என்னவென்று நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டீச்சர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸை எடுப்பாள். கரும்பலகையில் 'பேசுபவர்கள்' என்று எழுதிக் கீழே ஒரு கோடு. பேசினவன் பெயர் அதன் கீழே ஏறும். பெயர் ஏறிய பிறகும் வாய் மூடாதவனுக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு. அப்படியும் அடங்காவிட்டால் இன்னொன்று. டீச்சர் திரும்பி வந்து இன்ட்டைப் பார்த்துத்தான் கணக்குத் தீர்ப்பார். ஜெனி இதில் சொந்தம் பந்தம் பார்க்க மாட்டாள். எஸ்தரின் மகன் பெயரையே எழுதி இரண்டு இன்ட்டு போட்டிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தாள். அவன் திட்டிக்கொண்டே மிதித்தான், அவள் சிரித்துக்கொண்டே வந்தாள், அவ்வளவோடு முடிந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டராக இருந்த என் கணவருக்கு மெல்பர்னில் வேலை கிடைத்துப் போனோம். எனக்கும் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை அமைந்தது. ஜெனி புதுப் பள்ளியில் எல்லோர் பெயரையும் பழகிக்கொண்ட சமயம், ஒரு நாள் வகுப்பு ஆசிரியை போன் பேச வெளியே போயிருக்கிறார். வகுப்பே சந்தைக்கடை. இவள் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் கோடு போட்டுப் பேசியவர்கள் பெயரை எழுதிவிட்டாள், யாரும் சொல்லாமலேயே, பொறுப்பாக. நிறைய இன்ட்டு வாங்கியவள் பின்வரிசையில் இருந்த ஒரு பெண். ஆசிரியை திரும்பி வந்து பார்த்தார், சிரித்தார், யாரையும் ஒன்றும் கேட்காமல் அழித்தார். இடைவேளையில் அந்தப் பெண் ஜெனியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். டாபர். அன்றிலிருந்து என் மகளுக்கு அங்கே அதுதான் பெயர்.

டீச்சரிடம் போய்ச் சொல்பவளை ஆஸ்திரேலியாவில் அப்படிச் சொல்வார்களாம். ஆங்கிலம் பேசுகிற மற்ற ஊர்களிலாவது இதற்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கும் என்று நம்பி, முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். லண்டனில் பிறந்த தாத்தா 'கிராஸ்' என்றார். நியூசிலாந்து நர்ஸ் 'நார்க்' என்றாள். அமெரிக்காவில் சின்னப் பிள்ளை என்றால் 'டாட்டில்டேல்', வளர்ந்துவிட்டால் 'ஸ்னிட்ச்' என்று அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த சமையல்காரர் சொன்னார். ஸ்காட்லாந்துக்கார மார்கரெட் அம்மா 'கிளைப்' என்று சொல்லும்போதே முகத்தைச் சுளித்தார். எல்லாமே வசவு. நம்மிடமும் போட்டுக் கொடுக்கிறவன் உண்டுதான், ஆனால் அவன் சட்டையில் நாம் பேட்ஜ் குத்தி லீடர் ஆக்கிவிடுகிறோம். மார்கரெட் அம்மாவுக்காவது மனசு இளகும் என்று ஜெனி கதையைச் சொன்னேன். "உன் மகள் செய்தது தப்புதானே, கண்ணே" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். அன்று அவருக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை போடவில்லை. மறந்துபோய் அல்ல.

ஜெனியோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. விளையாட்டில் சேர்க்கவில்லை. பள்ளிக்குப் போய், "அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்" என்றேன். ஆசிரியை கனிவாகச் சிரித்து, "கவலைப்படாதீர்கள், ஜெனியிடம் நாங்கள் பேசுகிறோம்" என்றார். பேசவும் செய்தார். சின்ன விஷயங்களையெல்லாம் பெரியவர்களிடம் கொண்டுவரக் கூடாது என்று என் மகளுக்கு இரண்டு முறை புத்தி சொன்னார். அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் ஜெனியை விளையாட்டுக் கம்பியிலிருந்து தள்ளிவிட்டாள். வலது கை முறிந்தது. தலைமை ஆசிரியர் எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது என் மகள், "வழுக்கிட்டேன்" என்றாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். "ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஏசப்பா மேல சத்தியம் பண்ணும்மா" என்றாள். பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது.

சொல்லாமல் இருந்ததற்கு அவளுக்குப் பரிசு கிடைத்தது. மாவுக்கட்டு மேல் வகுப்பே கையெழுத்துப் போட்டது. எல்லாவற்றிலும் பெரிதாக, இதயம் வரைந்து, அந்தப் பெண்ணின் பெயர். கையை ஒடித்தவளே கையெழுத்தும் போட்டுவிட்டாள். ஜெனி அதைக் காட்டிச் சிரித்தபோது எனக்கு அந்தக் கட்டைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா ஒரு டப்பா கப்கேக்கோடு வந்து, "பாவம் குழந்தை" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் "தேங்க்யூ" என்றேன். இன்றைக்கும் அந்த தேங்க்யூவை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்தச் சிறுமி வகுப்பின் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும், கையை நீட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு வன்மமா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, அத்தனையும் அவளுக்குத்தான்.

டியூஷன் பிள்ளைகள் போன பிறகு எஸ்தரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"கைய ஒடிச்சவள சும்மா வுட்டுட்டு, அவ அம்மா குடுத்த கேக்க வாங்கிகினு வந்தியா? நாலு வார்த்த கேக்கறதுக்கு இன்னா உனக்கு?"

"இங்கிலீஷ்ல எனக்குக் கோவமே வர மாட்டேங்குதுடி. வாயத் தொறந்தா ஸாரி, தேங்க்யூன்னுதான் வருது."

"பேரு இன்னா, அத்த சொல்லு மொதல்ல."

சத்தியம் அந்தப் பள்ளிக்கு மட்டும்தான். இது கவரைப்பேட்டை. முன்னறைக்குப் போய் டியூஷன் பலகையில் சாக்பீஸை எடுத்து 'பேசுபவர்கள்' என்பதற்குப் பதில் 'தள்ளிவிட்டவர்' என்று எழுதிக் கோடு போட்டேன். கீழே அவள் பெயரை முழுசாகத் தமிழில் எழுதினேன். பக்கத்தில் மூன்று இன்ட்டு, சாக்பீஸ் உடையும் அளவுக்கு அழுத்தி. நெஞ்சு குளிர்ந்தது. திரும்பினால் வாசலில் ஜெனி நிற்கிறாள்.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. படித்து முடித்ததும் டஸ்டரை எடுத்துத் தலைப்பை அழித்தாள், அந்தப் பெயரையும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். அவள் அழித்ததை இங்கே திரும்ப எழுத எனக்கும் கை வரவில்லை. சரி, அவர்கள் ஜெயித்துவிட்டார்கள், இவள் இனி அந்த ஊர்ப் பிள்ளைதான் என்று நினைத்தேன். எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

ஜெனி டஸ்டரைக் கீழே வைத்தாள். இன்ட்டு மூன்றையும் அழிக்கவில்லை. கட்டுப் பிரித்து இன்னும் சரியாக மடங்காத வலது கையால் சாக்பீஸை எடுத்தாள். எக்கி நின்று, அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.