தட்டுவதற்கு ஒரு சுவர்

என் பழைய போனில் ஒரு படம் இருக்கிறது. பச்சைக் குன்றின் உச்சியில் ஒரு கல்வீடு. எல்லாமே சதுரம் சதுரமாக இருக்கும். மரமும் சதுரம், மேகமும் சதுரம், வாசலில் நிற்கிற ஆடும் சதுரம். வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு நடைபாதை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு வீடு கிடையாது. போன் விளையாட்டு ஒன்றில் அதைக் கட்டியவள் என் மூத்த மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதை அவள் அம்மாவிடம் முதன்முதலில் காட்டியபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்தும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏட்டி, தட்டுறதுக்குச் சுவரு எங்க?" என்று கேட்டாள்.

"நாலு சுவரு இருக்கேம்மா!"

"அது ஒஞ்சுவரு. பக்கத்து வீட்டுச் சுவரு எங்கன்னு கேக்கேன். பொழுது சாஞ்சா பேயி வரும்னு நீதான சொன்ன. வந்தா யாரக் கூப்புடுவ?"

விளையாட்டில் இருட்டியதும் பச்சை நிறத்தில் சில உருவங்கள் தள்ளாடித் தள்ளாடி வரும், வீட்டுக் கதவை உடைக்கும். என் மனைவிக்கு அந்த விளையாட்டில் புரிந்தது அது ஒன்றுதான். நான் சிரித்தேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பிடுங்கிப் போனாள்.

அந்தக் கேள்வி விளங்க வேண்டுமானால் எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். அதில் நான்காவது எங்களுடையது. என் மனைவி கொழுந்து எடுக்கப் போனதால் கம்பெனி கொடுத்த வீடு. நான் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே மலையேறிவிடுவேன். மழை பிடித்தால் எங்கள் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் ஏறாது. கூப்பாடு போட்டும் பிரயோசனமில்லை. ஆனால் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் எங்கள் லயத்தில் எல்லாவற்றுக்கும் சுவர்தான். ஒரு தட்டு என்றால் இருக்கிறாயா என்று அர்த்தம். இரண்டு என்றால் சாயா போட்டாச்சு, வா. விடாமல் தட்டினால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும்.

இளையவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது ஒரு ஆடி மாத மதியம். நான் மலைமேல் இருந்தேன். போனில் சிக்னல் இல்லை. என் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரை அடித்தாள். ஐந்தாவது வீட்டு அக்கா அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டு வந்து, பிள்ளையைத் தோளில் போட்டு, வழுக்குகிற பாதையில் தார் ரோடு வரை இறங்கி ஒரு லாரியை மறித்தார். இன்று இளையவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள் என்றால் அதற்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று என் மனைவி நம்புகிறாள். நானும்தான் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, ஆசைப்படுவது வேறு.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா லயத்தில் இருந்தார், அப்பா லயத்தில் இருந்தார், நானும் லயத்தில் பிறந்தேன். எங்களில் ஒருவர்கூடத் தன் வீட்டை ஒரு சுற்று சுற்றி நடந்ததில்லை. லயத்து வீட்டுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு, பக்கவாட்டு என்பதே கிடையாது. சாப்பிட்டு முடித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். இதைப் பலமுறை உளறியிருக்கிறேன். மகள் கட்டிய வீட்டைச் சுற்றி அந்த நடைபாதை எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு முன்பே அந்த விளையாட்டோடு எனக்குப் பெரும் சண்டை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் போனில் பாடம் நடந்தது. பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த போனில் தேனியில் இருக்கும் என் தம்பி மகள் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்குச் சோறு மறந்தது, தலை சீவ மறந்தது. கூப்பிட்டால் "இந்தா, கூரைய மட்டும் போட்டுட்டு வாறேன்" என்பாள். கூரை போட்டு முடிந்தால் கிணறு வெட்ட வேண்டியிருக்கும். கண் கெடும், படிப்பு கெடும் என்று கத்தினேன். ஒரு நாள் போனை ஜீப் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். மூன்று நாள் கழித்து அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தால், கட்டம் போட்ட பக்கங்களில் எல்லாம் வீடு. எந்தக் கட்டத்தில் கல், எதில் மரம், எதில் கண்ணாடி என்று வண்ணப் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று தனித்தனிப் படம். நான் அந்த வயதில் கணக்கு நோட்டில் என்ன செய்து வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். என் மனைவிதான் சட்டம் போட்டாள். சாயங்காலம் சாயா குடித்த பிறகு ஒரு மணி நேரம். அலாரம் அடித்தால் பாதிச் சுவரானாலும் நிறுத்த வேண்டும். அன்றைக்கு என்ன கட்டினாள் என்பதை, அம்மா காய் நறுக்கி முடிப்பதற்குள், போனைக் காட்டாமல் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை, படி எத்தனை, ஜன்னல் எந்தத் திசை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

பிறகுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். சுற்றுலாக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிய நேரம். என் போன் பழுதாகிக் கிடந்ததால் ஒரு நாள் அவள் போனை மலைக்கு எடுத்துப் போனேன். பள்ளத்தாக்கு நிறைய மேகம் கிடந்தது. வீடியோ எடுக்கப் போனால் இடமில்லை என்றது போன். எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தேன். இந்த விளையாட்டு. டிவி பெட்டியை அணைத்துப் போடுகிற மாதிரிதானே, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து அழித்துவிட்டேன். சாயங்காலம் அவள் திரும்ப ஏற்றினாள். வெறும் புல்வெளி வந்தது. வீடு இல்லை, கிணறு இல்லை, ஆடு இல்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. "எங்கப்பா போச்சு?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, போனை அடுக்களைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"மூணு மாசமா மண்ணு சுமந்து கட்டுன வீட்ட ஒத்த வெரல்ல இடிச்சிட்டு வந்து நிக்கீங்க" என்றாள் என் மனைவி. அந்த விளையாட்டைக் கண்டால் ஆகாதவன் நான். ஆனால் அன்றைக்கு உண்மையாகவே ஒரு வீட்டை இடித்தவனைப் போலக் கூனிக் குறுகிப் போனேன். ஜீப் ஸ்டாண்டில் காட்டிப் பெருமையடிக்க முன்பு என் போனுக்கு அனுப்பி வைத்திருந்த ஒரு படம் மட்டும் மிச்சம். முதலில் சொன்னேனே, அந்தப் படம்தான்.

ஒரு வாரம் அவள் போனைத் தொடவில்லை. எட்டாம் நாள் நானே போய், "கல்லு வெட்ட ஆளு வேணுமா மேஸ்திரி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டும் என்றாள். சாயங்காலத்து ஒரு மணி நேரத்தில் அரை மணி எனக்கு. சுரங்கம் தோண்டி அவளுக்குக் கல் எடுத்துத் தருவது என் வேலை. இரண்டு முறை நெருப்புக் குழம்பில் விழுந்து, எடுத்த கல்லோடு செத்தேன். "அப்பா, காலுக்குக் கீழ தோண்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று ஏச்சு வாங்கினேன். அப்படி எழுந்தது இரண்டாவது வீடு. ஆனால் அது ஒரு வீடாக இல்லை. ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடு. அந்தக் கற்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மரம்.

"அது என்னட்டி?"

"கல்லுல தட்டுனா கை வலிக்கும்லப்பா. அம்மாவுக்கு."

அடுத்த மழையில் எங்கள் லயத்தின் பின்புறம் மண் இறங்கி, முதல் வீட்டிலிருந்து மூன்றாவது வரை சுவர் பிளந்தது. அடுத்த மழைக்குள் ஆறு வீடும் காலியாக வேண்டும், தோட்டத்தின் வேறு டிவிஷனில் எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஆளுக்கொரு பக்கமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் ஐந்தாவது வீட்டு அக்காவுக்கும் பூப்பாறைப் பக்கம் அடுத்தடுத்து ஆளுக்கு மூன்று சென்ட் நிலம் இருந்தது. என்றாவது கட்டலாம் என்று போட்டு வைத்திருந்த நிலம். நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு நிலத்திலும் தனித்தனியாக நடுமத்தியில் ஒரு வீடு வரைந்து வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு பக்கமும் திறந்த வீடு.

என் மனைவி தாளைப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "நீங்க போங்க. நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வேற லயத்துக்குப் போறேன்" என்றாள். அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அக்கா ஆறடி தள்ளித்தானே இருப்பார் என்றேன். "ஆறடி தள்ளித் தட்டுனா மழையில கேக்குமா? நீங்க மலமேல இருப்பீங்க" என்றாள். சொந்த மண் இருக்க மறுபடி கம்பெனி வீடா என்று நான் குதித்தேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆசையாக வாங்கின நிலத்தில் ஒரு குடும்பம் இரண்டாகப் போய்விடுமோ என்று எண்ணிக்கொண்டே ஜீப் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் மேஸ்திரி பதில் கேட்டு வந்தார். அக்காவும் வந்திருந்தார். மகள் போனைக் கொண்டுவந்து, தான் கட்டிய இரட்டை வீட்டை மேஸ்திரி முன் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, லயத்துலருந்து தப்பிச்சு இன்னொரு லயமா? ரெண்டு வீட்டுக்கும் ஒரு சுவர்னா நாளைக்கு சண்ட வரும்" என்றார்.

அக்கா சும்மா விடவில்லை. "பதினேழு வருசமா ஒரே சுவர வச்சிக்கிட்டுப் போடாத சண்டையா? இனிமே புதுசா என்ன இருக்கு போட" என்றார். அந்த நேரத்திலும் என் மனைவி சிரித்துவிட்டாள்.

என் கண் மட்டும் படத்தில் பாதையைத் தேடியது. மகள் அதைக் கவனித்தாள். விரலால் படத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வீட்டையும் சேர்த்து, சுற்றிலும் பாதை ஓடியது. மேஸ்திரி வரைந்ததில் வீடுகளுக்கு நடுவில் ஆளுக்கு மூன்றடிச் சந்துதான் இருந்தது. இரண்டையும் ஒட்டிவிட்டால் அந்த இடம் வெளிப்பக்கம் சேர்ந்துவிடும் என்று கணக்கு நோட்டில் கட்டங்களை எண்ணிக் காட்டினாள்.

"நீங்க ஒரு வீட்டத்தான சுத்தணும்னீங்க. இதுல ரெண்டு வீட்டச் சுத்தலாம்ப்பா."

இந்தப் பிள்ளையின் கையிலிருந்தா போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்தேன் என்று நினைத்தேன். மேஸ்திரி நோட்டை வாங்கி இன்னொரு முறை எண்ணினார். இரண்டு வீட்டாரும் சம்மதபத்ரம் எழுதிக் கொடுத்தால் பஞ்சாயத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நானும் அக்காவின் வீட்டுக்காரரும் நான்கு முறை ஆபீஸ் படி ஏறி இறங்கினோம். பெர்மிட் வந்தது.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மகள் மதுரையில் பி.காம் படிக்கிறாள். இஞ்சினியரிங் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்களிடம், "வீடுதான் கட்டியாச்சே, இனி வேற வேல பாக்கேன்" என்கிறாள். இளையவள் அதே விளையாட்டில் இப்போது பாலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். சாயாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. அவளுக்கும் நான்தான் கல் வெட்டுகிறேன். காலுக்குக் கீழே தோண்டுவதில்லை.

சாப்பிட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன். அக்கா வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது, "என்னப்பா, ரோந்தா?" என்று உள்ளிருந்து குரல் வரும். நேற்று மழை பிடித்துக்கொண்டதால் நடக்க முடியவில்லை. பழைய போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது, மேகமும் ஆடும் நடைபாதையும் இருந்தும், பாவம், தனியாக நிற்கிறதே என்றுதான் தோன்றியது.

அந்நேரம் மதுரையிலிருந்து மகள் கூப்பிட்டாள். தகரக் கூரைச் சத்தத்தில் அவள் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்டிருக்காது. என் மனைவி போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சிமெண்டுச் சுவரின் நடுவில், இடுப்பு உயரத்தில், மேஸ்திரி சிரித்துக்கொண்டே பதித்துக் கொடுத்த ஒரு அடிப் பலாப்பலகை இருக்கிறது. போனை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா இரண்டு தட்டு தட்டினார்.

போனின் வெளிச்சத்தில் மகளிடமிருந்து ஒரு வரி வந்து நின்றது: "கேட்டுச்சும்மா. பெரியம்மா சாயா போட்டாச்சாம், போங்க."