வெள்ளவத்தையில் வெயிலுக்கு விடுமுறை

வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் விடுதியின் மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வெயிலில் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஒரு பக்கம் சோலார் தகடுகள், மறுபக்கம் பழைய சேலையில் காயப்போட்ட செத்தல் மிளகாய். விடுதிக்காரர் குகன் அண்ணை கைபேசியைப் பார்த்துவிட்டு, சுவரிலிருக்கும் சோலார் சுவிட்சை இறக்குகிறார்.

"ஏன் அண்ணை, பழுதோ?"

"இல்லைத் தம்பி, மின்சாரசபையிலயிருந்து மெசேஜ் வந்திருக்கு. இண்டைக்குக் கந்தோர், ஃபெக்டரி எல்லாம் பூட்டு. கரண்ட் கூடிப்போச்சாம். பின்னேரம் வரைக்கும் சோலாரை நிப்பாட்டட்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அப்ப நிலக்கரி மின்நிலையத்தை நிப்பாட்டுறதுதானே?"

"அந்தக் கொதிகலன் ஆறினால் திரும்பச் சூடாக்கக் கனநேரம் எடுக்குமாம். இரவைக்கு எல்லாரும் லைட் போடேக்கை கரண்ட் வேணுமெல்லே?"

காரணம் விளங்குகிறது, கோபம்தான் தணியவில்லை. வீடு வீடாகச் சோலார் பொருத்தச் சொன்னவர்களுக்கு, பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கப் போதிய பற்றரி வேண்டுமென்று தெரியாதா? இப்போதும் கீழே வரவேற்பறையில் மின்விசிறிகள் சுழல்கின்றன. டொலர் கொடுத்துக் கப்பலில் இறக்கிய கரி எங்கோ எரிந்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவி சுழலியைச் சுற்றி, அந்த மின்சாரம் இந்த வீட்டுக்கு வருகிறது. சும்மா கிடைக்கும் வெயிலோ தகடுகளின் மேல் வீணாகக் கொளுத்துகிறது.

குகன் அண்ணை குந்தியிருந்து மிளகாயைப் புரட்டிவிடுகிறார்.

"இதுகளுக்கு இன்னும் மெசேஜ் வரேல்லை," என்கிறார், சிரிக்காமல்.