இருபத்தேழாவது கல்

வைரம் பதிக்கும் வேலையைப் பார்க்க வந்து, தாராவியில் ஒரு மாடி அறைக்குள் வியர்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி போடக் கூடாதாம், வைரங்கள் பறந்துவிடும். எதிரே இசக்கியம்மாள், கண்ணில் பூதக்கண்ணாடியோடு, சாவி கொடுத்தால் ஓடும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றின் முகப்பைச் சுற்றிய வளையத்தில் கடுகைவிடச் சிறிய கற்களைப் பதித்துக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு முடிந்துவிட்டது. இருபத்தேழாவது கல்லை அவர் எடுக்கும்போது நான் தும்முகிறேன்.

கல்லைக் காணவில்லை.

அவர் எழுந்து கதவைத் தாழிடுகிறார். மேசை, பாய், என் சட்டைப் பை எல்லாவற்றிலும் தேடுகிறார். கல் கிடைக்காவிட்டால் தன் வேலை போய்விடும் என்று கோபமே இல்லாமல் சொல்கிறார். நானும் தரையில் தவழ்ந்து தேடுகிறேன்.

அரை மணி நேரம் கழித்து விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்புகிறார்.

“அண்ணாச்சி, மூச்சு விடாதிய.”

நுனியில் மெழுகு வைத்த குச்சியால் என் தாடிக்குள்ளிருந்து வைரத்தை ஒற்றி எடுக்கிறார். ஸ்பிரிட்டில் கழுவி, அதற்குரிய குழியில் பதித்து அழுத்துகிறார்.

“இந்த வாட்ச் யாருக்கு?” என்று கேட்கிறேன்.

“துபாய்ல ஒரு சேட்டுக்கு. மவன் கல்யாணத்துக்குக் கட்டப் போறாராம். தாடி விசயம் நமக்குள்ள இருக்கட்டும்.” கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறார். “இன்னும் முப்பது கல்லு பாக்கி கெடக்கு. நீங்க வெளிய போய்த் தும்முங்க.”