நான் ஒளித்துவைத்த முக்கோண டப்பா

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் பஸ்கள் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தன. மயிலாப்பூரில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் எப்போதும் நானே முதல். சைதாப்பேட்டையிலிருந்து ஒருத்தி வந்து சேரும்வரை.

அவள் அப்பா தகர வேலை செய்கிறவர். வீட்டில் உருது பேசுவார்கள். வாசல்வரை புர்காவில் வருவாள்; உள்ளே வந்ததும் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு எல்லாரோடும் கலகலவென்று பேசுவாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு நாங்கள் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். நான் கரும்பலகை நிறைய சூத்திரம் எழுதினேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். அவளோ அப்பா செய்து கொடுத்த இரண்டு தகர டப்பாக்களைக் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே உயரம்; ஒன்று சதுர வாய், மற்றது அதில் சரிபாதியான முக்கோண வாய். முக்கோண டப்பாவால் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியதும் சதுர டப்பா தளும்பி நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வருகிற நாள். அவளுக்கு முக்கோணப் பட்டகத்தின் கனஅளவு, எனக்கு உருளையின் கனஅளவு. முன்னதாகவே போய், வகுப்பில் அவள் வைத்திருந்த முக்கோண டப்பாவை எடுத்து அலமாரியில் தேசப்படங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"அக்கா, என் டப்பாவைப் பார்த்தீங்களா?"

"இல்லையே."

அவள் கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய், ஆயாவிடம் கேட்டு துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி ஒன்று வாங்கிவந்தாள். வகுப்பில் அதை மூலைக்கு மூலை, நீளவாக்கில் கத்தியால் இரண்டாக வகுந்தாள்.

"இப்போ ஒரு துண்டு எவ்வளவு?"

"பாதி டீச்சர்!"

"நீளம் குறைஞ்சுதா?"

"இல்ல டீச்சர், அடிதான் பாதியாய்டுச்சு!"

"அப்போ அடிப்பரப்பை நீளத்தால பெருக்குங்க."

இன்ஸ்பெக்டர் அம்மாள் எழுந்துவந்து அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அடுத்தது நான். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்க வேண்டும் என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"இன்னாத்துக்கு டீச்சர் உயரத்தால பெருக்கணும்?"

"சூத்திரம் அப்படித்தான்."

திரும்பி, அதே சூத்திரத்தை மறுபடியும் கரும்பலகையில் எழுதினேன். இன்ஸ்பெக்டர் அம்மாள் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவளிடம் டப்பாவை நீட்டினேன்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும்க்கா. சவுக்காரம் வெட்டறப்ப உங்க முகத்தைப் பார்த்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? உங்களுக்கும் வேலை வேணும், எனக்கும் வேணும்."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். மனசு லேசாகும் என்று நினைத்தேன்; ஆகவில்லை. தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்க அவளால் முடிந்ததே, என்னால் முடிந்திருக்காதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பரீட்சையில் அவள் முதல், நான் இரண்டாவது. பட்டியலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.