பார்க்கவில்லை என்று சொன்ன டிரைவர்

ஐந்தாம் வகுப்பில் மறுபடியும் உட்காரச் சொன்னபோது பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன் நான். அப்படிப்பட்டவன் பழனி ரோட்டில் கட்டிய ஒர்க்‌ஷாப்பில் இன்று டிப்ளமோ படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். காயலான் கடை இரும்பை வைத்தே ஒரு போர்வெல் லாரியை எழுப்பி, குஜிலியம்பாறைக் காட்டில் தண்ணீரைக் காட்டினேன். பெண் பிள்ளைகளை இன்ஜினியராக்கினேன். எவனும் கைகொடுக்கவில்லை. திண்டுக்கல்லில் மோட்டார் பந்தயப் பைத்தியங்களுக்கென்று போனில் ஒரு குழு ஓடுகிறதே, அதைத் தொடங்கியதும் நான்தான். யார் ஜெயித்தார், யார் எந்தக் கம்பெனிக்குத் தாவப்போகிறார் என்று நிமிஷத்துக்கு ஒரு செய்தி அதில் வந்து விழுகிறது. பாதி புளுகு. எது புளுகு என்று எனக்குப் படித்த உடனே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அம்மாவின் தம்பி மதராஸில் மெக்கானிக்காக இருந்தார். அங்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களில், தானே கூட்டிச் சேர்த்த மோட்டார் சைக்கிளை ஓட்டுவார். ஒரு பொங்கலுக்கு அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார். எங்கள் தெருவில் மாமா அதைக் கிளப்பினாரே பார்க்கலாம்! ஓடுகள் அதிர்ந்தன. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. என் நெஞ்சுக்குள் யாரோ புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது போலிருந்தது. இன்று வரை அந்த ஆள் எழுந்து போகவில்லை. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பெட்ரோல் டாங்கிக்கு அடித்தோம். பிரஷ் என் கையில்தான் இருந்தது.

அந்தக் கோடையில் ஒருநாள், சலூனில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தார். கடைசிப் பக்கத்து மூலையில் துண்டுச் செய்தி. பந்தயத்தில் இரண்டு வண்டிகள் மோதல். திண்டுக்கல் வீரர் மரணம், கோவை வீரர் காயம். பெயர் போடவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மாமாவை விட்டால் வேறு யார் போகிறார்கள்?

அப்பா மட்டும் ஒப்பவில்லை. "தந்தி வரலையேப்பா."

"பேப்பர்லயே போட்டுட்டான், அதுக்கு மேல தந்தி எதுக்குண்ணே?" என்றார் சித்தப்பா.

உச்சிப் பொழுதுக்குள் கேதம் கேட்க ஆட்கள் வந்துவிட்டார்கள். குஜிலியம்பாறை அத்தை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலையை அவிழ்த்துவிட்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அப்பாவோ மூட்டச் சொன்னார். "உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு அடுப்ப அணைக்கணும்?"

"மச்சினன் செத்துக் கெடக்கான், இவனுக்குச் சோறு கேக்குது பாரு!" என்று அத்தை தன் தம்பியான அப்பாவை ஏசினாள். அம்மா அழவும் இல்லை, மூட்டவும் இல்லை. தீப்பெட்டியைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதராஸ் போன காய்கறி லாரிகள் மார்க்கெட்டுக்குத் திரும்பும் நேரம் அது. அப்பாவும் சித்தப்பாவும் கிளம்ப, நானும் பின்னால் ஓடினேன். முதலில் வந்த டிரைவர் பெரிய மீசைக்காரர். விசாரித்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேலிக்கிட்ட நின்னு என் கண்ணால பாத்தேண்ணே. அம்புட்டு வேகம்! வண்டி பனை ஒசரத்துக்கு எந்திரிச்சுச்சு. 'அக்கா'ன்னு ஒரே சத்தம். அதோட சரி."

சித்தப்பா ஓவென்று அழுதார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட அழுதார்கள். அவ்வளவு ஜோராகச் சொன்னார் மனுஷன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கேட்டேன்: "வண்டி என்ன கலரு?"

"செவப்புடா அப்பு. ரத்தச் செவப்பு."

"பச்சை. பெயிண்ட் அடிச்சதே நாந்தான்."

"ஏலே, அந்த வேகத்துல பச்சை என்ன, செவப்பு என்ன?"

கூட்டம் என்னைத்தான் திட்டியது. ஆனால் அப்பா எழுந்து நின்றார். அடுத்த லாரி வரட்டும் என்றார்.

அதில் வந்தவர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். "பந்தயத்த நான் பாக்கல" என்றுதான் ஆரம்பித்தார். "நேத்துக் காலைல உங்க மச்சினன் வேல பாக்குற ஷெட்டுக்கு லாரியக் காட்டப் போனேன். அவரு கையில கட்டுப் போட்டு ஒக்காந்திருந்தாரு. பச்சை வண்டி ஓரமா நசுங்கிக் கெடந்துச்சு. எப்புடி ஆச்சுன்னு நான் கேக்கல."

"அப்ப செத்தது?" என்றார் அப்பா.

"கோயம்புத்தூர்ப் பையன்னு பேசிக்கிட்டாக. எனக்குத் தெரியாது."

ஊரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் பேப்பரில். நான் வாயைப் பிளந்துகொண்டு அந்த மனிதரையே பார்த்தேன். சுற்றி நின்று இத்தனை பேர் கேட்கும்போது, பார்க்கவில்லை, தெரியாது என்று சொல்ல எத்தனை பெரிய நெஞ்சு வேண்டும்! மாமா வண்டி கிளப்பியபோது நின்ற மாதிரியே நின்றேன். இன்றும் பந்தயச் செய்தி எதுவானாலும் அந்தத் 'தெரியாது' எங்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். இல்லையென்றால் தள்ளிவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை.

வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ச் சேதியைச் சொன்னதும் நானே. அத்தை கூந்தலை முடிந்துகொண்டு காப்பி கேட்டாள். அம்மா அடுப்பை மூட்டினாள். மூட்டிய பிறகுதான் அழத் தொடங்கினாள். சேதி காதில் விழவில்லையோ என்று, "மாமா உசுரோட இருக்காரும்மா" என்று மறுபடி கத்தினேன்.

"கேட்டுச்சுடா" என்றாள். "அந்தக் கோயம்புத்தூர்க்காரியும் பேப்பரப் பாத்திருப்பாளே. மகனுக்குக் காயந்தான்னு போட்டிருக்கே. இந்நேரம் கோயில்ல தேங்கா ஒடைச்சுக்கிட்டு இருப்பாளே."

முகம் தெரியாத ஒருத்தி தேங்காய் உடைத்தால் அம்மாவுக்கு என்ன? எனக்கு விளங்கவில்லை. பெண்களைப் பெற்று, அவர்கள் வீடு திரும்பத் தாமதமாகும்போது வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்த பிறகுதான் அது விளங்கியது. அன்று எனக்கு இருந்த கவலை வேறு. "பச்சைன்னு சொன்னது நாந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லும்மா" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் சொல்லவில்லை. அந்தப் பெருமை இன்று வரை எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவர் அழுததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கலரைக் கேட்டவன் நான். யார் எங்கே எழுதினாலும் இதை என் பெயரோடு எழுத வேண்டும்.