கண்டன்சர் பெட்டி

என் வேலை என்னவென்று புகுந்த வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. மின்சுற்றுகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டி, அதற்குள்ளேயே கரண்ட் விட்டு, எது சூடாகிறது, எது எரிகிறது என்று பார்ப்பேன். நிஜத்தில் ஒரு கம்பிகூடக் கையில் இருக்காது. கம்பெனி பெங்களூரில். நான் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வெங்காயக் காட்டைப் பார்த்த ஒரு ஜன்னலோரத்தில். திரையில் அலை அலையாகக் கோடுகள் ஓடுவதை எட்டிப் பார்த்த என் மாமியார், “ஏஞ்சாமி, இது யாரோட நெஞ்சுத் துடிப்பு?” என்று கேட்டார். மோட்டாருடையது அத்தை என்றேன். “மோட்டாருக்கு என்ன சீக்கு?” என்றார். நல்ல கேள்விதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அத்தைக்கு நான் வந்த அன்றைக்கே ‘சாமி’ ஆகிவிட்டேன். மாமனார்தான் பிடி கொடுக்கவில்லை. பெற்ற பிள்ளையையும் பக்கத்துக் காட்டுப் பெண்களையும் வா சாமி, போ சாமி என்று கூப்பிடுகிறவர், என்னைக் கண்டால் மட்டும் தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்துகொள்வார். “சாப்புட்டீங்களா?”, “ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா?” என்று தாசில்தாரிடம் பேசுவதுபோலப் பேசுவார். நான் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் அப்பா “ஏய் கழுதை” என்று கூப்பிட்டால்தான் பாசமாக இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் மாமாவின் மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தியது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். “உங்கப்பாவுக்கு நான் என்ன விருந்தாளியா?” என்று கணவரிடம் பாய்ந்தேன். பழகினால் சரியாகிவிடும் என்று அவர் நழுவிவிட்டார்.

அந்தக் கோடையில் கிணற்று மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்தது. கடையில் கொடுத்துக் காயில் கட்டி மாட்டினார்கள். வெங்காயம் பாதி வளர்ந்திருந்த சமயத்தில் மறுபடியும் எரிந்தது.

“இன்னொருக்கா எரிஞ்சா வெங்காயத்தைப் புடுங்கி ஆட்டுக்குப் போட்டுட்டு, காட்டையே உட்டுர்றேன்” என்றார் மாமா, சோற்றுத் தட்டைப் பார்த்தபடி. பேச்சுக்குச் சொல்லும் ஆள் இல்லை அவர். தட்டில் இருந்ததில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் நானே போய், “மாமா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கட்டுங்களா?” என்றேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேட்டேன்: மோட்டார் எத்தனை எச்.பி., கிணறு எவ்வளவு ஆழம், கேபிள் எவ்வளவு நீளம். கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

“கரண்ட் எப்படி வருதுங்க மாமா?”

“மூணு பேஸுங்க. மூணு பேஸ் வந்தாத்தான் ஓட்டுவமுங்க.”

அவர் சொன்னபடியே கட்டி ஓட்டினேன். திரையில் மோட்டார் ஜம்மென்று ஓடியது. வோல்டேஜைக் குறைத்தேன். தண்ணீரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளினேன். கேபிளை இழுத்து நீட்டினேன். கொஞ்சம் சூடானதே தவிர எரியமாட்டேன் என்றது. வேலையில் எரியாமல் காப்பாற்றத்தான் பாடுபடுவேன்; இங்கே எரிக்கப் பாடுபட்டும் முடியவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

காயில் கட்டும் கடைக்குக் கணவரோடு போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. மோட்டாரிலிருந்து வெட்டி எடுத்த பழைய காயிலை ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. மற்ற பக்கமெல்லாம் புதுச் செம்பின் நிறம். மூன்று பேஸும் சமமாக வந்து எரிந்திருந்தால் எல்லாம் சேர்ந்தே கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் திரையில் ஒரு பேஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கண்டன்சரை வைத்தேன். இரண்டே பேஸ் வரும் நேரத்தில், கரண்ட் ஆபீஸுக்குத் தெரியாமல் மோட்டாரை ஏமாற்றி ஓட்டும் வழி அது. ஒரு காயிலின் கோடு மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறியது.

வெற்றிக் களிப்பில் சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிட்டேன். “மாமா, நீங்க சொன்னபடி ஓட்டினா இந்த மோட்டார் எரியவே எரியாதுங்க. ரெண்டு பேஸ்ல ஓட்டினா மட்டுந்தான் எரியுது.”

அத்தையின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. மாமா கை கழுவிவிட்டு வெளியே போனார். மாமனாரைப் பொய்யர் என்று நேருக்கு நேராகச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

வாசலிலிருந்து குரல் வந்தது.

“செருப்பைத் தொட்டுக்கிட்டு வா சாமி.”

செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவின் பின்னால் போனேன். மோட்டார் ரூமில் அடுக்கியிருந்த உரச்சாக்குகளை அவரே விலக்கினார். பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கண்டன்சர்.

“கரண்ட் ஆபீஸ்காரங்க கேட்டா இந்தப் பக்கம் எல்லாருஞ் சொல்ற பதில் அது. நீயும் மடியில கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு, எத்தன எச்.பி.ன்னு அவங்களாட்டமே கேட்டியா, வாய் தானா அதையே சொல்லிருச்சு” என்றார். முகத்தில் அசடு வழிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார்.

பெட்டி பழைய சின்ன மோட்டாருக்கு வாங்கியது. போன வருஷம் பெரிய மோட்டார் போட்டபோது, நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே விட்டுவைத்திருக்கிறார்கள். எந்த அளவு கண்டன்சர் வைத்தால் காயில் தாங்கும் என்று திரையில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். சூடு ஏறினால் தானாக நின்றுவிடும்படி ஒரு கட்டவுட்டும் வைக்கச் சொன்னேன். மோட்டார் அதன்பிறகு எரியவில்லை. வெங்காயம் அறுவடையாகிக் களத்துக்கு வந்தது.

வெங்காயம் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். வாசலில் லேப்டாப்போடு நின்றிருந்தது நான்தான். படித்த பெண் என்று நம்பியோ என்னவோ, என்னிடமே கேட்டார்.

“மோட்டார் எத்தனை பேஸ்லம்மா ஓட்டறீங்க?”

“மூணு பேஸுங்க” என்றேன். யோசிக்கவேயில்லை. “மூணு பேஸ் வந்தாத்தான் ஓட்டுவமுங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். களத்தில் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மாமா நிமிரவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“காப்பி குடிச்சியா சாமி?” என்றார்.